இளவரசிக்கு முன் நின்றவள்

பிரியமான வெர்னனுக்கு,

நாம் வேலை செய்த அந்த வீரன் கதைப் படத்தை நேற்று தியேட்டரில் பார்த்தேன். இளவரசியின் முன் வீரன் மண்டியிடும் காட்சி வந்ததும் என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அவள் கன்னத்தில் விழுந்த நிலவொளி, முதலில் என் கன்னத்தில் வைத்துப் பார்த்தது அல்லவா?

நடிகர்கள் வருமுன், விளக்குகளைச் சரிபார்ப்பதற்காக அவர்கள் இடத்தில் நாம் நின்றோம். பனிப்புகை நம்மைச் சுற்றி மெல்ல மிதந்தது. மண்டியிட்டிருந்த நீ, "லொரேன், என்னைக் கட்டிக்கிறியா?" என்றாய்.

"வசனத்தை மாத்தாதேப்பா, கேமராமேன் திட்டுவாரு" என்று சிரித்தேன்.

"போதும், எழுந்திரிங்க" என்று கேமராமேன் சொன்ன பிறகும் நீ எழவில்லை. நான் கவனிக்காததுபோல் நகர்ந்துவிட்டேன். மறுவாரமே நீ டெக்சாஸுக்குப் போய்விட்டாய்.

சனிக்கிழமை அங்கே வரும் ரயிலுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். பதில் எழுதாதே, அது வந்து சேரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன்.

இனி என்றும்,
உன்னவள்