வறண்ட ஓடையில் துணி அலசியவள்

மத்திகிரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புக் கண்ணு தமிழ்செல்விக்கு உன் மாமன் கோவிந்தன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை ராஜாத்தியும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே குஜராத்தில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை, தெரிந்துதான் எழுதுகிறேன். இதெல்லாம் நான் முன்னாடியே சொன்னதுதான். போன பொங்கலுக்கு வந்தபோது நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே, இது சாதாரண மாதவலி இல்லை, கர்ப்பப்பையில் கோளாறு, ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்று அத்தையிடம் சொன்னேன். அவளைக் கேட்டால் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்பாள், அவளுக்கு ஞாபகம் பத்தாது.

நீ செல்போனில் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து ஓசூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். நாற்பது பேர் வெளியே காத்திருக்க என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள், அத்தை மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம் என்பாள், அதை விடு. அடினோமயோசிஸ் என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கி வந்திருக்கிறேன். கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒரு பூச்சு இருக்குமாம், மாதாமாதம் உதிர்ந்து போவது அதுதான். சில பெண்களுக்கு அது இருக்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தசைச் சுவருக்குள்ளேயே இறங்கிவிடுகிறது, இறங்கிய இடத்திலும் மாதாமாதம் கசிகிறது, வெளியே வர வழியில்லாமல் சுவர் தடித்துப்போய் வலிக்கிறது, உதிரமும் கூடப் போகிறது. உடனே நான், நம்ம பாத்ரூம் சுவத்துல ஓதம் ஏறுன மாதிரிங்களா என்று கேட்டேன். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இத்தன வருசத்துல இவ்ளோ தெளிவா யாரும் கேட்டதில்லீங்க, இனிமே எல்லாருக்கும் இதையே சொல்றேன் என்றார்கள். உன் அத்தை, எட்டாவது தாண்டாத மனுசன் உங்களுக்கே பாடம் எடுக்குறாரு, நீங்கதான் இவருக்கு பீஸ் குடுக்கணும் போலருக்குது என்றாள்.

இது புற்றுநோய் இல்லை என்று அந்தம்மா இரண்டு தரம் சொன்னார்கள். உன் ரத்த அளவு ஆறரைக்கு இறங்கிவிட்டதுதான் இப்போது அவசரமாம், அதற்கு நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்ற வேண்டியிருக்கும், தேவைப்பட்டால் ரத்தமே ஏற்றுவார்கள். உதிரம் மிஞ்சும் நாட்களுக்குத் தனி மாத்திரை இருக்கிறது, வலிக்கு இருக்கிறது, ஹார்மோன் மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் வைத்த ஒரு சின்னக் கருவியை வைத்தால் பல பேருக்கு உதிரமும் வலியும் நன்றாகக் குறைகிறதாம். எதற்கும் கேட்காவிட்டால்தான் பையை எடுக்கிற பேச்சு. எது உனக்குப் பொருந்தும் என்று உன் டாக்டர்தான் சொல்ல வேண்டும், எனக்குத் தெரிந்தாலும் நான் தலையிடவில்லை.

ஆனால் வியாழக்கிழமை நீ போனில் என்ன சொன்னாய்? மாமா, இருவத்திரெண்டாந்தேதி ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னாங்க, நான் தள்ளி வெச்சுட்டேன், அம்மாவுக்கு வந்ததேதான் எனக்கும் வந்திருக்குது, அந்தப் பொம்பள என்னையும் பாத்துட்டா, ஊருக்கு வந்து ஓடையில நாப்பத்தெட்டு நாள் வெளக்கு வெக்கறேன் என்றாய். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பத்தொன்பது வருஷமாக நம் வீட்டில் நான் சொல்லி வரும் கதைதான். உன் அம்மா வெள்ளையம்மாவுக்கு மாதத்தில் பதினைந்து நாள் உதிரம் நிற்காது. தேன்கனிக்கோட்டை டாக்டர் மாத்திரை கொடுத்து, ஓசூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதிக்கொடுத்தார். எங்கண்ணன் கம்பெனிக்காரன், அது வந்தாத்தான் அங்க பேசத் தெரியும் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, நான் வருவதாகச் சொன்ன புதன்கிழமை அஞ்செட்டியில் பையோடு பஸ் நிறுத்தத்தில் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தாள். நான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் நான் சொன்னது இது. புதன்கிழமை வந்தேன், வழியில் கன்னிமார் ஓடையில் சித்திரை வெயிலில் பொட்டுத் தண்ணீர் இல்லை, நடுவில் ஒருத்தி குந்தித் துணி அலசுகிறாள், தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கிறது, திரும்பிப் பார்த்து, தூரமான நாள்ல உன் தங்கச்சி என் ஓடையத் தாண்டுனாளே, கேக்க மாட்டியா என்றாள், நான் அலறிக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்த நாட்களில் பெண்கள் அந்த ஓடையைத் தாண்டக்கூடாது என்பது ஊர் வழக்கம். வெள்ளையம்மா யோசித்துப் பார்த்து, ஆமாண்ணே, தாண்டிட்டேன் என்று அழுதாள். மாதத்தில் பாதி நாள் உதிரம் போகிறவள் வேறு எந்த நாளில் தாண்டுவாள்? ஒரு மண்டலம் விளக்கு வைத்தால் விடுவாளாம், விரதத்தில் மருந்து ஆகாதாம் என்றும் சொன்னேன். அவள் மாத்திரையை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தாள். முப்பத்தோராம் நாள் விளக்குக்குத் திரி போட்டவள் எழுந்திருக்கவில்லை. நீ அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய், அன்றிலிருந்து என் வீட்டில் வளர்ந்தாய்.

அந்த அலசும் சத்தம் என்னை விடவில்லை கண்ணு. அத்தை குழாயடியில் துணி அலசினால் நான் எழுந்து மாட்டுப்பண்ணைப் பக்கம் நடக்கப் போய்விடுகிறேன். அஞ்செட்டி பஸ்ஸில் ஓடைப் பக்கத்து ஜன்னலில் உட்காருவதில்லை. ஒவ்வொரு வருஷமும் கேட்கிறவர்களுக்கு ஒன்று சேர்த்துச் சொன்னேன், மெட்டி என்றேன், ஈரத் தலை என்றேன். முகத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதெல்லாம் அது வெள்ளையம்மாவின் முகமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை முதலில் வேறு மாதிரி எழுதினேன். வெள்ளிக்கிழமை நான் ஓடைக்குப் போனதாகவும், அவளே எதிரில் வந்து, புள்ளைய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு, நான் தடுக்க மாட்டேன் என்று சொன்னதாகவும் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன், படித்தால் நீயே கும்பிடுவாய், அப்படி வந்திருந்தது. அத்தை வாங்கிப் படித்தாள். ஏங்க, இவளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றவ, அன்னைக்கு வெள்ளையம்மாளுக்கு மட்டும் ஏன் சொல்லல என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

அந்தப் புதன்கிழமை எங்கள் கம்பெனியில் பாதுகாப்பு தினம். நான் பார்த்துக்கொண்ட ஸ்டோர்ஸில் விபத்தே இல்லை என்று மேடையில் என் பெயரைக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு சாயந்திரம் வரை காத்திருந்தேன், கடைசியில் கூப்பிட்டு ஒரு டிபன் கேரியர் கொடுத்தார்கள். நீ காலேஜுக்குச் சோறு கொண்டுபோனாயே, அதுதான். யானை மறித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், தேன்கனிக்கோட்டை ரோட்டில் யாரும் நம்புவார்கள், வெள்ளையம்மாவும் அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். என் வாய்க்குச் சின்னப் பொய் வராது. போனில் சொன்னால் இதையும் ஜோடித்துவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நீ இங்கே வராதே. தள்ளி வைத்ததை மறுபடி கேட்டு வாங்கி, இருபத்திரண்டாம் தேதியே போ, மாப்பிள்ளையையும் கூட்டிப் போ, டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதே. என்னைத் திட்டுவதானால் ரத்தம் ஏறிய பிறகு தெம்பாகத் திட்டு. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அதை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். அன்றைக்கு அந்த ஓடையில் தண்ணீர் இல்லை கண்ணு, அந்தப் பெண்ணும் இல்லை, நானும் இல்லை.

உன் மாமன்,
கோவிந்தன்