குறுக்கு வழிப் படையெடுப்பு

மே 2, வெள்ளி. சூர், ஓமான்.
காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளந்தது.

முதலில் வெட்கக்கேடு: கடைசித் தண்ணீர் பாட்டிலைக் குடித்தவன் நான்தான். பிக்கப் வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, திருட்டுப் பூனை மாதிரி. ரேடியேட்டருக்கு ஊற்றியதாகச் சொல்லியிருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு.

இருநூறு வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரக் கேப்டன் ஒருவன் நம் நாட்டுச் சிப்பாய்களை ஓட்டிக்கொண்டு பனீ பூ அலி கோட்டையைப் பிடிக்கப் போய் மண்ணைக் கவ்விய இடம். காட்டுகிறேன் வாருங்கள் என்று ரூம்காரர்கள் முருகேசன், டெனிஸ் இருவரையும் கிளப்பினேன். மெயின் ரோடு எதற்கு, குறுக்கு வழி தெரியும் என்றேன். வண்டி அச்சுவரை மணலில். மூன்று மணி நேரம். முருகேசனுக்கு மயக்கம். ஓமானி ஒருவர் வந்து தண்ணீர் கொடுத்து, கயிறு கட்டி இழுத்தார். கோட்டையைப் பார்க்காமலே திரும்பினோம்.

மே 3, சனி.
டூட்டி முடிந்து ரூமுக்கு வந்தால், சமையல் முறைத் தாளில் என் பெயர்மேல் மார்க்கர் கோடு. மூவர் கூட்டுச் சமையலிலிருந்து நீக்கம்! கடை குபூஸ் ரொட்டி, தயிர், எதிரே சுவர்.

டெனிஸ் போனில் ஊருக்கு: "எங்க அண்ணன் பெரிய தளபதி கேட்டியளா. படைய மண்ணுல பொதச்சிட்டு வந்து நிக்காரு."
சிரிப்பு வந்தது. யாரோடு சிரிக்க?

மே 4, ஞாயிறு.
அந்தப் பழைய படையெடுப்புத் தளபதிகளின் கதியைத் தேடிப் படித்தேன். கூடப் போன ஓமான் சுல்தான்: பீரங்கிக்காரன் ஒருவனைக் காப்பாற்றப் போய்க் கையில் குண்டு. கேப்டன்: சிப்பாய்கள்மேல் பழியைப் போட்டு அறிக்கை. விசாரணை, ஒரு கண்டனம், அவ்வளவுதான். பின்னாளில் ஜெனரல்! சிப்பாய்கள்: பெயர்கூட அகப்படவில்லை.
ரேடியேட்டர்மேல் பழி போட்டவன் எந்த வகைத் தளபதி? விளக்கை அணைத்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்.
சொல்லிவிட்டேன். முருகேசன் துணி மடித்துக்கொண்டிருந்தான்.
"தண்ணிய நான்தான் குடிச்சேன், தம்பி."
"பாத்தேன்ணே."
"பாத்தியா? அப்பறம் ஏன் கேக்கல?"
"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும்ல."
சட்டையை நான்காக மடித்தான். தாளில் கோடு அப்படியே.

மே 9, வெள்ளி.
காற்று, புழுதி. எழுந்தபோது இரண்டு கட்டிலும் காலி. அடுப்பு மேடையில் ஒரு தட்டு உப்புமா, மூடி வைத்து. எனக்கா என்று கேட்க ஆளில்லை. தின்றேன்.

பத்து மணிக்கு டெனிஸ் படம் அனுப்பினான். பனீ பூ அலி கோட்டைச் சுவர் முன்னால் இருவரும், கையில் ஐஸ்கிரீம். கீழே ஒரு வரி: "வாசல் வரைக்கும் தார் ரோடுண்ணே."