கோத்து வைத்த ஊசி

கண்ணு, வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுச் சாப்பிடு. பழைய சாமான்காரர் வந்தா ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிடு. பாட்டியோட தையல் டப்பாவைக் கொடுக்கக் கூடாதுன்னு நேத்து மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டியே, அது வீட்டுலயே இருக்கட்டும்.

பாட்டிக்குக் கண் மங்கினதுலேருந்து நீதானே ஊசி கோத்து வைப்ப. அவங்க தவறிப் போன அன்னிக்கு நீ கோத்து வச்சதெல்லாம் டப்பாவுல அப்படியே இருந்துச்சு. இன்னைக்கு அதுல ஒண்ணு வெறும் ஊசியா கிடக்குது. நேத்து கழண்டு விழுந்த என் சட்டைப் பட்டன் தச்சிருக்கு. உனக்குத் தைக்க வராது.

அம்மா

பி.கு.: பாட்டி கத்தரிக்கோலைத் தொடவே மாட்டாங்க, நூலைப் பல்லாலதான் கடிப்பாங்க. பட்டன் அடியில நூல் முனை ஈரமா இருந்துச்சு.

இன்னொண்ணு. உன் யூனிஃபார்ம் ஓரம் பிரிஞ்சிருக்கு. ஊசி கோத்து அது மேல வச்சிட்டுத் தூங்கு.