கிழக்கு அறை ஜன்னல்

புதுச்சேரி,
12 மார்ச் 1956

பிரியமுள்ள கணவருக்குத் தையல்நாயகி வணங்கி எழுதுவது.

தந்தி கிடைத்திருக்கும். உங்கள் அப்பாவின் உயிர் அவிட்ட நட்சத்திரத்தில் போய்விட்டது. அவிட்டத்தில் செத்தவரை வாசல் வழியே கொண்டுபோகக் கூடாதே! நம் ஓட்டல் மாடியில் அவர் படுத்திருந்த கிழக்கு அறைச் சுவரை இடித்து, கயிறு கட்டிக் கொல்லையில் இறக்கினோம். சாய வியாபாரம் செய்த பிரெஞ்சுக்காரன் கட்டிய சுண்ணாம்புச் சுவர், லேசில் இடிபடவில்லை. கொள்ளி வைத்தது உங்கள் சித்தப்பா மகன் பஞ்சநாதன்.

அறையை ஆறு மாதம் பூட்டி விளக்கு வைப்போம். இடித்த வழியைச் செங்கல்லால் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போனவர் அதே வழியில் திரும்புவாராம். முதல் கல்லை நீங்கள் வந்து வைத்தால் மாமாவின் மனசு ஆறும். வருவீர்களா?

உங்கள் தையல்

மார்செய்,
பிரான்ஸ்,
2 ஏப்ரல் 1956

அன்புத் தையலுக்கு,

அப்பாவை நினைத்து அழுதேன். துறைமுக ஆபீசில் லீவு தரமாட்டார்கள். அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன்.

அந்த ஓட்டையை அடைக்காதே, ஜன்னல் வை. கிழக்கில் இருந்தும் கடல் தெரியாத அறை என்று அப்பாவே குறைப்படுவாரே. உப்புக் காற்றுக்குப் பயந்து பிரெஞ்சுக்காரன் மொட்டைச் சுவராக விட்டுவிட்டான். பேயும் பிசாசும் நம் ஜனங்கள் கட்டிய கதை.

உன் கலியமூர்த்தி

புதுச்சேரி,
9 ஆகஸ்ட் 1957

பிரியமுள்ளவருக்கு,

சொன்னபடி ஜன்னல் வைத்தேன். ஆறு மாதம் கழித்து அறையை வாடகைக்கு விட்டோம்; ஆனால் வருகிறவர் யாரும் மறுநாள் தங்குவதில்லை. தாழ் போட்ட ஜன்னல் பட்டப்பகலில் திறந்து கிடக்கிறது. விழுப்புரத்து வியாபாரி ஒருவர் இறங்கி வந்து, "மேல ஒரு பெரியவரு, கலியன் வந்துட்டானான்னு கேக்குறாரே, யாரும்மா அது?" என்றார்.

இப்போது எனக்கும் அது கேட்கிறது. மாமாவின் குரலேதான். பயத்தைவிடப் பாவமாக இருக்கிறது. "வந்துடுவாரு மாமா" என்று சொல்லிவிட்டு இறங்கி வருகிறேன். எத்தனை நாளைக்குச் சொல்வது? கல்யாணமாகி உங்களோடு இருந்ததைவிட மாமாவோடு இருந்த காலம்தான் அதிகம். சீக்கிரம் வந்து அந்த வழியை அடையுங்கள்.

தையல்

மார்செய்,
20 செப்டம்பர் 1962

அன்புத் தையலுக்கு,

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்துவிட்டதாகப் பேப்பரில் பார்த்தேன். நான் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருந்துவிடுகிறேன். வேலை இங்கே, பழக்கம் இங்கே. உன்னைக் கூப்பிட இப்போது வசதிப்படாது. அடுத்த வருஷம் ஒருநடை வரப் பார்க்கிறேன்.

கலியமூர்த்தி

புதுச்சேரி,
4 நவம்பர் 1962

திரு. கலியமூர்த்தி அவர்களுக்கு,

கொத்தனாரைக் கூப்பிட்டு ஜன்னலைப் பெயர்த்துவிட்டேன். முதல் கல்லை நான்தான் வைத்தேன். பெண் வைக்கலாமா என்று பஞ்சநாதன் இழுத்தார். "இத்தினி வருஷமா அவருக்குப் பதில் சொல்றது நானு. கல்லு வெக்க மட்டும் வேற ஆளா?" என்றேன். கல்லை எடுத்து என் கையில் கொடுத்தார்.

கடைசிக் கல்லுக்கு முன் குரல் வந்தது, சுவருக்கு வெளியே இருந்து. "கலியன் வந்துட்டானா?"

"வரமாட்டாரு மாமா. நீங்க போங்க" என்றேன்.

கொத்தனார் என்னையே பார்த்தார். கல்லை வைத்துப் பூசச் சொன்னேன். அதற்குப் பிறகு குரல் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், மாமாவுக்காக மட்டும் அல்ல.

நீங்கள் இனி வர வேண்டாம். என்றைக்காவது இந்த ஊருக்கு வரும்படி ஆனால், கீழே பெயரைச் சொல்லுங்கள். ஓட்டல்தானே, காலியாக இருந்தால் அறை கொடுப்போம்.

தையல்நாயகி