டிப்பி விழாத ஞாயிறு

மார்ச் 6, 1922, திங்கள்
லில்லிக்கு இன்றும் உயிர் வரவில்லை. சுருட்டை முடி, நாடா, பளபளக்கும் காலணி எல்லாம் இருக்கின்றன. ஞாயிறு இதழின் கடைசிப் பக்கத்தில் வரும் ஆறு கட்டப் படக்கதை என்னுடையது. தாய்மார்கள் எல்லோரும் கொஞ்ச விரும்பும் ஒரு சிறுமி வேண்டும் என்றார் ஆசிரியர் கில்லஸ்பி. ஐந்து வாரமாக வரைகிறேன். எனக்கே அவளைப் பிடிக்கவில்லை.

மார்ச் 9
பக்கத்து வீட்டு டல்சி ஹேரிகன் எங்கள் வேலிமேல் நடந்தாள். எட்டு வயது. விரிந்து நிற்கும் காதுகள், அண்ணனின் பழைய கால்சட்டை. தடாலென்று விழுந்தாள். எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, வேலிக்கு ஓர் உதை கொடுத்தாள்.
லில்லியின் பின்னால், ஒரு மூலையில், அவளை வரைந்துவிட்டேன். டிப்பி என்று பெயர் வைத்தேன்.

மார்ச் 20
கில்லஸ்பி கூப்பிட்டனுப்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “அந்த நாடாக்காரியத் தூக்கிடு, டன்ஸ்டன். வேலியில நிக்கறவ போதும். வாராவாரம் கடைசிக் கட்டத்துல விழணும், அவ்வளவுதான்” என்றார்.

ஏப்ரல் 23
டிராமில் இரண்டு பேர் டிப்பியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மே 4
டல்சியின் அம்மா மிஸஸ் ஹேரிகன் வந்திருந்தாள். கையில் மாவு காயவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பள்ளியில் டல்சியை எல்லோரும் டிப்பி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். எப்படி விழுகிறாள் பார்ப்போம் என்று பெஞ்சிலிருந்து தள்ளிவிடுகிறார்களாம். மூன்று நாளாக அவள் பள்ளிக்கே போகவில்லை.
“உங்களுக்கு வாரத்துக்கு ஆறு கட்டம், மிஸ்டர் டன்ஸ்டன். அவளுக்கு நாள் முழுக்க.”


மே 5
ஒரு கோடுகூட இழுக்க முடியவில்லை. அந்தக் காதுகளை எடுத்துக்கொள்ள யாரிடம் கேட்டேன் நான்? பதினோரு வருஷம் அடுத்தவர் கதைகளுக்குப் படம் போட்டுத் தேய்ந்த பிறகு, சொந்தமாக ஒன்று கிடைத்தது. அதுவும் சொந்தமில்லை.
நிறுத்திவிட வேண்டியதுதான். — நிறுத்தத்தான் வேண்டுமா?

மே 6
ஹேரிகன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். இனி வரையமாட்டேன் என்றேன். டல்சி சமையலறை மேசைக்கடியில் இருந்தாள், அங்கிருந்துதான் பேசினாள்.
“நிறுத்தாதீங்க. நிறுத்தினா நான் விழுந்ததுதானே கடைசியா இருக்கும்?”
மிஸஸ் ஹேரிகன் திரும்பி நின்றுகொண்டாள். அழுதாளோ, சிரித்தாளோ.
“எப்பப் பாத்தாலும் நானே ஏன் விழணும்?” என்றாள் டல்சி.
வீட்டுக்கு வந்து, புதுத் தாள் ஒன்றை விரித்தேன்.

மே 11, வியாழன்
புதிய ஆறு கட்டங்கள். வேலியின் கீழே பிள்ளைகள் கூட்டமாக வந்து, அவள் விழக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கிறார்கள். இருட்டிவிடுகிறது. ஒவ்வொருவராக வீட்டுக்குப் போகிறார்கள். டிப்பி நிற்கிறாள்.
“விழறதுதானேய்யா சிரிப்பு? இதுல என்ன இருக்கு?” என்றார் கில்லஸ்பி. வேறு வரையமாட்டேன் என்றேன். அச்சுக்கு நேரமாகிவிட்டதால் மட்டுமே எடுத்துக்கொண்டார். இதுவே கடைசியாக இருக்கலாம் என்றும் சொன்னார்.

மே 14, ஞாயிறு
வந்துவிட்டது. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. துறைமுகம் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன்.

மே 19
கில்லஸ்பி ஒரு கட்டுக் கடிதங்களை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். பெரும்பாலும் பிள்ளைகளின் கையெழுத்து. அவள் வேலியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று கேட்கிறார்கள்.
எப்படி இறங்கினாள்? நான் யோசிக்கவே இல்லையே.

ஜூன் 2
டல்சி பள்ளிக்குப் போகிறாள். தள்ளிவிட வந்த ஒருத்தியை அவள் கடித்துவிட்டதாக மிஸஸ் ஹேரிகன் சொன்னாள். வருத்தமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு
இங்கே குளிர்காலம் இன்னும் போகவில்லை. டல்சி வாசற்படியில் உட்கார்ந்து இதழைப் படித்தாள். இந்த வாரம் டிப்பி, தான் ஜெயித்த பம்பரத்தைத் தோற்றவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஏன் கொடுத்தோம் என்று தன்னையே திட்டிக்கொள்கிறாள்.
டல்சி இரண்டு முறை படித்தாள். “நானா இருந்தா குடுத்திருக்கவே மாட்டேன். இவ வேற யாரோ” என்றாள். கோபமில்லை. இதழை என் மடியில் வைத்துவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.
தேநீர் ஆறிப்போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே வந்து, பார்த்து வரைய யாருமில்லாமல், முதல் கட்டத்தைத் தொடங்கினேன்.