முழங்கால் பூட்டு

7 ஜூன் 1964, ஞாயிறு

ஆறு நாள் வடாலாவில் லேத் பட்டறை. ஏழாம் நாள் மாட்டுங்காவில் ஊனமுற்ற பிள்ளைகள் நிலையம். லீவு நாளிலும் ஓசி வேலையா என்கிறாள் அம்மா. போலியோ வந்த பிள்ளைகள் காலில் மாட்டி நிற்க இரும்புக் காலிப்பர் செய்ய, டிப்ளமா படித்தவன் வேறு யாரும் அந்த நிலையத்தில் இல்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, அங்கே டைப்ரைட்டிங் சொல்லித்தரும் பாகீரதி. அவள் இடது காலில் மாட்டியிருப்பதும் நான் செய்ததுதான். எழுந்து நின்றால் முழங்காலில் ஒரு வளையம் இறங்கிப் பூட்டிக்கொள்ளும் — டக்.

"நான் வர்றதுக்கு முன்னாடி இந்த டக் வந்துடறது, பிச்சையா" என்றாள்.

வரட்டுமே, வழி விடுவாங்க என்றேன். சிரித்தாள். சத்தமில்லாத பூட்டு ஒன்று செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

14 ஜூன்

செக்ரட்டரி வெங்கடராமன் சார் கடிதம் காட்டினார். டிரஸ்ட்காரர்கள் 28-ந்தேதி பார்க்க வருகிறார்கள். வாடகை, தோல், இரும்பு எல்லாம் அவர்கள் தயவு. இந்த வருஷம் கையை விரித்தால் ஆகஸ்டில் கதவைச் சாத்த வேண்டியதுதான். தாராவியில் ஒன்பது பிள்ளைகள் அளவு கொடுத்துவிட்டுக் காத்திருக்கின்றன.

பூட்டு: வளையத்துக்குள் தோல் வைத்தேன். சிக்குகிறது.

21 ஜூன்

சாருக்குப் புத்தி கெட்டுவிட்டதா? அன்றைக்கு எல்லாருடைய காலிப்பரையும் கழற்றிப் பாயில் உட்கார வைக்கணுமாம். போன வருஷம் பிள்ளைகள் நின்று வணக்கம் சொன்னதைப் பார்த்து, இவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று பணத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம்.

அப்பம் நான் எதுக்கு செய்யுதேன்? பிள்ளைக நிக்கத்தானே? — கத்திவிட்டேன். சார் எழுந்தார். தோல் வைக்கும் அலமாரியைத் திறந்து காட்டினார். காலி.

நானே அலமாரியைச் சாத்தினேன்.

28 ஜூன்

காலிப்பர் போட்டு வந்த பதினோரு பிள்ளைகளுக்கும் என் கையாலேயே கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். விஷயம் தெரியாமல் பாகீரதி கடைசியில் வந்தாள். டக். சார் என்னைப் பார்த்தார்.

உங்களுதும், என்றேன்.

அவளே வாரை அவிழ்த்தாள். மூன்று பக்கிள். சுவரைப் பிடித்துக்கொண்டு பாயில் இறங்கினாள். நான் கையைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

டிரஸ்ட்காரர் அவளைக் காட்டி, இந்தப் பெண் பேசுமா என்று இந்தியில் சாரிடம் கேட்டார். நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கிறவளை! அவள் பேசவில்லை. நானும்.

அவர்கள் போனபின் காலிப்பரைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்க முடியாதுன்னு சொல்லுவேள்னு நெனச்சேன்."

5 ஜூலை

வரவில்லை.

19 ஜூலை

பணம் வந்துவிட்டது. முழுசாக. தோல் வந்தது, இரும்பு வந்தது. ஒன்பது பிள்ளைகளுக்கும் வேலை ஆரம்பம். பாகீரதிக்கு ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருப்பதாக சார் சொன்னார். நல்லதுதானே. நல்லதுதான். டைப்ரைட்டர்மேல் துணி மூடிக் கிடக்கிறது.

9 ஆகஸ்ட்

கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறினேன். பின்னால் டக். திரும்பினால் கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுகிறான். இது எத்தனாவது தடவை?

30 ஆகஸ்ட்

பூட்டு முடிந்தது. தோல் இல்லை, நைலான். சத்தமே கிடையாது. யாரிடம் காட்ட?

22 நவம்பர்

பாகீரதியின் தம்பி ஜம்பு அவள் காலிப்பரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். வளையம் ஆடுகிறதாம். நாளைக்கு ஆபீஸ், இன்றைக்கே வேண்டுமாம்.

டிராயரில் இருந்து நைலான் பூட்டை எடுத்தேன்.

"அக்கா புதுசு வேண்டாம்னுட்டா. சத்தம் வரலேன்னா பூட்டிண்டுடுத்தான்னு எப்படித் தெரியும், நம்பி எப்படிக் கால வைக்கறதுன்னு கேக்கச் சொன்னா."

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? டிப்ளமாவாம்.

அடுத்த ஜூனில் யாருக்கும் கழற்ற மாட்டேன் என்று சாரிடம் எப்போதோ சொல்லியாச்சு. அதை ஜம்புவிடம் சொல்லியனுப்ப நினைத்தேன். சொல்லவில்லை.

பழைய வளையத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்பக்கம் தேய்ந்து பளபளக்கிறது. அடி ரப்பர் ஒரு ஓரம் கரைந்தே போச்சு. ஐந்து மாதத்தில் இவ்வளவு தேய்மானம் நான் பார்த்ததில்லை. ஸ்டேஷன் படி, ஆபீஸ் படி — எவ்வளவு நடக்கிறாள்.

அதே மாதிரி வளையம் கடைந்து போட்டேன். காலிப்பரைக் கையால் நீட்டினேன். டக்.

"சரியாயிடுத்தா?" என்றான் ஜம்பு.

இன்னொரு தடவை பார்த்துடறேன் என்றேன்.