புளியோதரை டப்பாவில் ஒரு கை

ஆகஸ்ட் 6, புதன்

ஆடிப்பெருக்கன்று என்னை இந்த ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போகும்போது அம்மா ஒரு பெரிய டப்பா புளியோதரையும் ஒரு கட்டளையும் தந்தாள். "ஸ்பூன் போட்டு எடு ரோஹிணி. கை படாம இருந்தா ஒரு வாரம் தாங்கும்."

இன்று சாயங்காலம் வரை தாங்கியது.

சாயங்காலம்தான் ரூம்மேட் வந்து சேர்ந்தாள். ஜஸீலா, கூத்தாநல்லூர். பையை வைத்தாள், கை கழுவினாள், "வாசனை தூக்குதே!" என்றாள். பிஸ்மி சொல்லி டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு வாய் சாப்பிட்டாள். சரி, பசி போலிருக்கிறது. அதே கையை மறுபடியும் விட்டாள்! "வா, நீயும் சாப்பிடு" என்று என் டப்பாவிலிருந்து எனக்கே உபசாரம் வேறு.

டப்பாவை என் பக்கம் இழுத்து மூடி போட்டேன். "எனக்குப் பசிக்கல." மெஸ் உப்புமாவில் உயிர் வாழ்கிறவள் சொல்கிற பேச்சா இது? ஆனால் எச்சில் கை பட்ட சோறு! தாராசுரத்தில் எங்கள் வீட்டில் அப்பா குடித்த டம்ளரைக்கூட அம்மா தனியாகக் கவிழ்த்து வைப்பாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

என் தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்கிறாள். கடவுளே, இன்னும் நான்கு வருஷம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வார்டன் காளியம்மாள் மேடத்திடம் வேறு ரூம் கேட்டுவிட்டேன். ஏன் என்றார். எச்சில் என்று சொன்னால் சிரிப்பார். "தூக்கம் வரல மேடம்" என்றேன். "முதல் வாரம் எந்தப் பொண்ணுக்கும் தூக்கம் வராது. பார்க்கலாம், போ."

ஜஸீலாவிடம் சொல்லவில்லை. அவளும் இப்போதெல்லாம் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. நல்லதுதான். — நல்லதுதானா?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மானம் போச்சு. இந்த யுனிவர்சிட்டியில் எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள், எது எது என்று யாருக்குத் தெரியும்? வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து ஒரு கிளாஸில் புகுந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். சார் போர்டில் எஞ்சின் வரைகிறார். திரும்பிப் பார்த்தால் பின்னால் முழுக்க மீசை. தேர்ட் இயர் மெக்கானிக்கல்! எழுந்து போகவும் வெட்கம். வேறு வழியில்லாமல் நானும் எஞ்சின் வரைந்தேன். நன்றாகத்தான் வந்தது.

கதவு திறந்தது. ஜஸீலா.

"சார், எங்க ரூம் பொண்ணு ஒண்ணு தப்பா வந்து உட்கார்ந்திருக்கு, கூட்டிட்டுப் போகட்டுமா?"

கிளாஸே கைதட்டியது. அவள் என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். எங்கள் கிளாஸில் என்னைக் காணோம் என்று கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கித் தேடியிருக்கிறாள். முகமெல்லாம் வேர்வை. "நீ என்ன, திருவிழாவுல தொலைஞ்ச குழந்தையா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டு நாளாக மெஸ்ஸில் சேர்ந்துதான் உட்காருகிறோம். இன்று அவளே சொன்னாள்: "எங்க ஊர்க் கல்யாணத்துல சஹன்னு பெரிய தட்டு வைப்பாங்க. நாலு பேர் சுத்தி உட்கார்ந்து ஒரே தட்டுல சாப்பிடுவோம். முன்னபின்ன தெரியாதவங்ககூட எழுந்திருக்கும்போது பழகிடுவாங்க."

"யாராவது தட்டை நகர்த்தினா?"

"உன்கூட எனக்குப் பேச்சு இல்லைன்னு அர்த்தம்."

அன்று டப்பாவை நான் இழுத்து மூடியது ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு எச்சில் சட்டத்தை அவளுக்கு விளக்கினேன். கண் விரியக் கேட்டாள். இப்போது பாட்டிலை அண்ணாந்து குடிக்கப் பழகுகிறாள். சுடிதார் நனைந்ததுதான் மிச்சம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வார்டன் கூப்பிட்டு அனுப்பினார். "உனக்கு வேற ரூம் போட்டாச்சு. நாளைக்கு மூணாவது மாடிக்குப் போயிடு."

நான் அதை மறந்தே போயிருந்தேன்! ஜஸீலாவிடம் என்ன சொல்ல? உன்னைப் பிடிக்காமல் கேட்டேன், இப்போது பிடித்துவிட்டது, ஆனாலும் கிளம்புகிறேன் என்றா? அடி லூசு ரோஹிணி, நல்லா மாட்டிக்கிட்டடி. அவளோ வாயே திறக்காமல் துணி மடிக்கிறாள். தெரிந்துவிட்டதோ? எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் இல்லாமல் இந்த ஊரில் எனக்கு யார்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையிலேயே வார்டன் ஆபீஸுக்கு ஓடினேன், ரூம் மாற்ற வேண்டாம் என்று சொல்ல. வாசலில் ஏற்கெனவே ஒருத்தி நிற்கிறாள். ஜஸீலா.

"நீ எதுக்குடி இங்க?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

பதில் சொன்னது மேடம்தான். "ரெண்டு பேரும் தனித்தனியா வந்து ரூம் மாத்துங்கன்னீங்க, மாத்தியாச்சு. இப்ப ரெண்டு பேரும் வேண்டாங்கிறீங்க. இது என்ன சினிமா தியேட்டரா, சீட் மாத்தி மாத்தி உட்கார?"

நான் டப்பாவை மூடிய மறுநாளே ஜஸீலா கேட்டுவிட்டாளாம். எனக்கும் ஒரு நாள் முன்னால்! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைப் பிடிக்கவில்லையா இவளுக்கு? அப்புறம்தான், நான் எதற்கு அங்கே நிற்கிறேன் என்பது ஞாபகம் வந்தது.

"பழைய ரூமுக்கே போய்த் தொலைங்க" என்று விரட்டிவிட்டார். படி இறங்கும்போது சிரித்துச் சிரித்து ஜஸீலாவுக்கு விக்கல். என் பாட்டிலைக் கொடுத்தேன். வாய் வைத்தே குடித்தாள். போகட்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஜஸீலா வீட்டிலிருந்து நெய்ச்சோறு வந்தது. எனக்காகவே கறி போடாத தால்ச்சா, பருப்போடு கத்தரிக்காயும் வாழைக்காயும் போட்டு. அவள் இரண்டு தட்டு எடுத்தாள். ஒன்றை நான் திருப்பி வைத்துவிட்டேன். கொஞ்சம் உதறல்தான். அதனால் சோற்றுக்கு நடுவே விரலால் ஒரு வரப்பு போட்டு, "இது உன் வயல், இது என் வயல்" என்றேன். தால்ச்சா ஊற்றியதும் வரப்பு உடைந்து எல்லாம் ஒரே வயலாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோ காலில்.

"என்னடி சாப்பாடு? உன் தட்டு எங்க?"

"இதுதாம்மா."

"அப்ப அந்தப் பொண்ணோடது?"

"இதுதாம்மா."

அம்மா ஃபோனுக்குக் கிட்டே வந்து தட்டை உற்றுப் பார்த்தாள். ஜஸீலா மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள். நான் எடுக்கவில்லை.

"ஏண்டி, இந்தத் தட்டு ரெண்டு பேருக்கு எப்படிப் பத்தும்?" என்றாள் அம்மா. "அடுத்த வாரம் வரும்போது நம்ம வீட்டுத் தாம்பாளத்தைக் கொண்டு வரேன்."